அரை ஷேடு வித்தியாசம்

எங்கள் வீட்டுப் பீரோவுக்கு அடியில் பல வருஷங்கள் ஒரு ஜோடி கருப்பு பூட்ஸ் கிடந்தது. கணுக்கால்வரை ஏறும் பூட்ஸ், முன்னால் ஆறு கண் வைத்துக் கயிறு கட்டுவது. என் அக்காவுடையது. வேலூரில் ஒரு மருத்துவமனைப் பட்டறையில் அவள் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. வலது பூட்ஸ் எல்லாரும் போடுகிற மாதிரிதான் இருக்கும். இடது பூட்ஸின் அடியில் மட்டும் மூன்று விரல் உயரத்துக்குக் கூடுதல் சோல் வைத்து, அதைச் சுற்றிலும் கருப்புத் தோல் ஒட்டியிருந்தார்கள். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அக்காவின் இடதுகால் மற்ற காலோடு சேர்ந்து வளரவில்லை. அந்தக் குறையை அந்தச் சோல்தான் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் இடுப்பு சாய்ந்து முதுகுத்தண்டு வளைந்துகொண்டே போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா அதை வருஷத்துக்கு இரண்டு நாள் போட்டாள். டாக்டரைப் பார்க்கப் போகும் இரண்டு நாள். ஆம்பூரில் பஸ் ஏறும்போது காலில் செருப்பு இருக்கும், பூட்ஸ் பைக்குள் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வாள். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அதே பெஞ்சில் மறுபடி செருப்பு. ஒருமுறை டாக்டர் அந்தப் பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமாச்சும்மா, அடி தேயவே இல்லையே?" என்று கேட்டாராம். "நான் பதமா நடக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தவளைப் பார்த்து அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்காலத்தில் அந்தத் தோலில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். நான்தான் எடுத்துத் துடைத்து, பாலிஷ் போட்டு, மறுபடி பீரோவுக்கு அடியில் தள்ளுவேன். போடாத பூட்ஸுக்கு அவ்வளவு பாலிஷ் போட்டவன் எங்கள் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளைப் பார்த்தால் முதலில் காலைப் பார்ப்போம், பிறகுதான் முகத்துக்கு வருவோம். வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ தோல் பதனிடும் ஷாப்பிலோ வேலை செய்கிற ஊரில் கண் அப்படித்தான் பழகிப்போகும். கல்யாண வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தே எது எந்த ஃபேக்டரி கழித்துப்போட்ட ரிஜெக்ட் என்று சொல்லிவிடும் பெண்கள் எங்கள் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சம்பந்தியைப் பற்றி அம்மா பேசும்போதுகூட, "அந்த பிரவுன் லோஃபர் போட்டுக்கினு வந்தாரே, ஹீல்ல தையல் விட்டிருந்துச்சே, அவரு" என்பாள். அவர் முகம் அவளுக்கு ஞாபகமே இருக்காது. வேறு ஏதாவது ஊரில் பிறந்திருந்தால் அக்காவின் காலைப் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆம்பூரில் அவள் தெருவில் இறங்கினால் அத்தனை கண்களும் நேராக அங்கேதான் போகும். செருப்பில் நடந்தால் தாங்கித் தாங்கி நடப்பது தெரியும், பூட்ஸில் நடந்தால் பூட்ஸ் தெரியும். இரண்டில் செருப்பே மேல் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நான் மட்டும் என்ன யோக்கியன்? கடைத்தெருவுக்கு இரண்டு பேரும் போனால், நான் பத்தடி முன்னால் போய்விடுவேன். கூட்டத்தில் வழி விலக்கிக்கொண்டு போவதாக ஒரு பாவனை. அக்கா ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது எங்கள் வீட்டுக்கே பெரிய விஷயம். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஊரிலேயே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆனாள். அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். ஆனால் கணக்கு டீச்சர் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்த முடியாது. நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும், எட்டி எழுத வேண்டும், திரும்ப வேண்டும். மூன்றாவது வாரத்திலேயே அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வெறுந்தரையில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். அம்மா வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துவிட்டுக்கொண்டே புலம்புவாள்.

"இன்னா பேஜாருடி இது. அந்த பூட்ஸ போட்டுக்கினு போனாத்தான் இன்னா?"

"ஒரு கிளாஸுக்கு அம்பது பொண்ணுங்கம்மா. அம்பதும் ஷூ கம்பெனிக்காரங்க வீட்டுப் பொண்ணுங்க. கணக்கப் பாக்குமா, என் கால பாக்குமா?"

ஒரு சனிக்கிழமை, வேலையை விட்டுவிடுவதாகக் கடிதமே எழுதிக் கைப்பையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்குத் திக்கென்றது. அந்த வேலைக்காக அவள் படித்த படிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவளே பீரோவுக்கு அடியிலிருந்து துணிப்பையை இழுத்து, பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதோட கலர மாத்த முடியுமாடா? சாதாரண செருப்பு மாதிரி ஒரு பிரவுன். கண்ணுலயே படாத கலரு. பொடவைக்குக் கீழ மறைஞ்சுடணும். அப்படி ஆச்சுன்னா போட்டுக்கினு போறேன். இல்லன்னா லெட்டர குடுத்துடறேன்."

கேட்ட இடம் சரியான இடம்தான். அப்போது நான் ஒரு ஷூ ஃபேக்டரியின் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தேன். ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் சாம்பிள் தோல் துண்டை வைத்துக்கொண்டு, அதே நிறத்தைக் கலந்து எடுத்துத் தர வேண்டும். அரை ஷேடு தவறினாலும் என் கண்ணுக்குத் தெரியும் என்று மேனேஜரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதை நான் நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன். "இது ஒரு மேட்டரே இல்லக்கா" என்று பூட்ஸை வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் அது கொஞ்சம் கஷ்டமான மேட்டர்தான். எந்த நிறத்தையும் கருப்பாக்கலாம், கருப்பை இன்னொரு நிறமாக்குவது சுலபமில்லை. கருப்பின்மேல் பிரவுன் சாயம் ஏற்றினால் கருப்பு கருப்பாகவேதான் இருக்கும். நான் வருஷக்கணக்கில் போட்ட பாலிஷை முதலில் எடுக்க வேண்டும். தின்னரில் நனைத்த துணியால், பட்டறையில் போட்ட மேல்பூச்சு கரைந்து வருகிறவரை துடைக்க வேண்டும். பிறகு மெல்லிய எமரி தாளால் லேசாகத் தேய்த்து, சாயமாக இல்லாமல் பெயிண்டு மாதிரி மூடுகிற பிக்மெண்டைப் பசையோடு கலந்து, ஸ்ப்ரே கன்னில் வைத்து மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும். ஒரு கோட்டு காய்ந்த பிறகு அடுத்தது. கருப்பு மறையட்டும் என்று கோட்டுமேல் கோட்டாக அடித்தால், நடக்கும்போது விரல் மடங்குகிற இடத்தில் பாளம் பாளமாக வெடித்துவிடும். அதனால் செருப்பின் வெளிர் பிரவுன் நடக்காது, பழைய புளியின் நிறத்துக்கு வந்தால் போதும் என்று தீர்மானித்தேன். வீட்டில் துடைத்துத் தேய்க்கிற வேலையை இரண்டு நாளில் முடித்தேன். அப்படி உரித்து வைத்த பூட்ஸ் பார்க்கப் பாவமாக இருந்தது.

கன் அடிப்பதற்கு ஃபேக்டரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சொந்த ஷூவைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வது எங்களிடம் புதிதல்ல. சூப்பர்வைசரிடம் சொல்லி ஒரு சீட்டு வாங்கினால் கேட்டில் விட்டுவிடுவார்கள். சீட்டு இல்லாமல் ஜோடியாக எதுவும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. செக்யூரிட்டி சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்ப்பார். ஆனால் ஒற்றை ஷூவை அவர் கண்டுகொள்ள மாட்டார். சாம்பிள் எல்லாம் ஒற்றையாகத்தான் போகும் வரும். ஒற்றை ஷூவைத் திருடி யார் என்ன செய்வது?

சீட்டு வாங்கியிருக்கலாம். வாங்கினால் இரண்டு பூட்ஸும் செக்‌ஷன் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். நாலு பேர் கூடுவார்கள். இடது பூட்ஸின் சோலைப் பார்ப்பார்கள், "யாருது?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. வேலை சீக்கிரம் முடியும், சூப்பர்வைசரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டுப் பையில் ஒவ்வொன்றாக எடுத்துப்போனேன்.

வியாழக்கிழமை வலது. சனிக்கிழமை இடது. சனிக்கிழமை போய்ப் பார்த்தால், வியாழக்கிழமை பிரவுனுக்காக நான் கலந்த சிவப்பு பிக்மெண்ட் டின் காலியாகியிருந்தது. புது டின் வேறு கம்பெனியுடையது. அதனால் என்ன, கண் இருக்கிறதே என்று கலந்தேன். வலது பூட்ஸுக்கு அடித்தபோதே ஒரு தோல் துண்டிலும் அடித்து, வேலை ஏப்ரன் பையில் வைத்திருந்தேன். அதையும் புதுக் கலவை அடித்த துண்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்படியே ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. மதிய இடைவேளை முடிந்து ஆட்கள் வந்துவிடுவார்களே என்ற அவசரத்தில் இடது பூட்ஸை அடித்து முடித்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, சாயங்காலம் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரிந்த இரண்டு விஷயம் உண்டு. ஜோடியை ஒரே கலவையில், ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். ஷேடை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, பகலில் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அரை ஷேடு பார்க்கிற பெரிய மனிதன் இரண்டையும் விட்டுவிட்டேன். தின்னர் வாசம் போகட்டும் என்று அம்மா ஞாயிறு முழுக்கப் பூட்ஸைப் பரண்மேல் வைத்திருந்தாள். திங்கட்கிழமை நான் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அக்கா அதற்குப் பிறகுதான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறாள். அவளுக்குக் கணக்கு பார்க்கிற கண் உண்டு, கலர் பார்க்கிற கண் கிடையாது.

அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் ஏதோ ஒரு ஆர்டருக்கு ஷேடு பார்க்க ஜன்னல் பக்கம் போனேன். ஏப்ரன் பையில் கை விட்டபோது அந்த இரண்டு துண்டும் கையோடு வந்தன. வெயில் வெளிச்சத்தில் ஒன்று புளியாக இருந்தது, இன்னொன்று செங்கல்லாக இருந்தது. கண்ணில் படாத கலர் கேட்டவளை, ஒரு காலுக்கு ஒரு நிறம் போட்டு, அம்பது பெண்கள் முன்னால் நிற்க வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய் என்ன சொல்வது? கைப்பையில் இருந்த கடிதம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. இந்நேரம் தலைமை ஆசிரியை மேஜைக்கு அது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அக்கா பாயில் படுத்திருக்கவில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றவே இல்லை. என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நடந்ததைச் சொன்னாள். மூன்றாவது பீரியட், ஒன்பதாம் வகுப்பு. அக்கா பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முதல் பெஞ்சில் இரண்டு பெண்கள் அவள் காலையே பார்த்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டது, இன்றைக்கே கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அக்கா நினைத்தாளாம். கோபத்தில், "இன்னா அங்க? எழுந்து சொல்லு" என்று அதட்டியிருக்கிறாள்.

"சொன்னா திட்டுவீங்க மிஸ்."

"சொல்லு."

"ரெண்டு பூட்ஸும் ஷேடு மாறுது மிஸ்."

அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. "லெஃப்ட்ல ரெட் ஜாஸ்தி மிஸ்" என்று ஒருத்தி. "அதெல்லாம் இல்ல, ரைட்லதான் கம்மி" என்று பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி. "எங்கம்மா கம்பெனில க்யூ.சி. செக்கிங்ல இருக்காங்க மிஸ், இது வந்துச்சுன்னா ஜோடியோட ரிஜெக்ட்" என்று மூன்றாமவள். இங்கே வெளிச்சம் பத்தாது, ஜன்னலண்ட வாங்க மிஸ் என்று ஒரு பெண் டீச்சருக்கே உத்தரவு போட்டிருக்கிறாள். அக்காவும் போயிருக்கிறாள். ஜன்னல் வெயிலில் நின்று, புடவையைத் தன் கையாலேயே கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் நீட்டியிருக்கிறாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண், "லெஃப்ட் சோல் ஏன் மிஸ் இவ்ளோ ஒசரம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தக் கால் குட்டை" என்றிருக்கிறாள் அக்கா.

"ஓ" என்றுவிட்டு, அந்தப் பெண் மறுபடி ஷேடு சண்டைக்குள் போய்விட்டாளாம்.

"அந்த மூணு வார்த்தைய நான் யாரண்டயும் சொன்னதே இல்லடா" என்றாள் அக்கா. "சொன்னா இன்னாமோ ஆயிடும்னு இத்தினி வருஷம் வாய மூடிக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு 'ஓ'ங்குது. அவ்ளோதான்டா. 'ஓ'."

நானும் சிரித்தேன். நிம்மதியில் உளறிக்கொட்டினேன். சிவப்பு டின் காலியான கதை, டியூப்லைட், ஜன்னலில் பார்த்தது எல்லாம் சொல்லி, இரண்டையும் சேர்த்து அடித்திருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது என்றேன்.

"ஏன் ஒண்ணொண்ணா எடுத்துக்கினு போன?"

செக்யூரிட்டி, சீட்டு என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீயுமாடா?" என்றாள்.

அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் செய்கிற காரியம் ஒன்று உண்டே, அதையே செய்தேன். "நாளைக்கே சீட்டு வாங்கி ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கினு போறேங்கா. ஒரே ஷேடா பண்ணித் தரேன்" என்றேன்.

அக்கா குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "வேணாம். ஷேடு சரியாய்ட்டா அந்தப் பொண்ணுங்க வேற எதனா பாக்கும்."

அந்தக் கடிதம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. மறுநாளும் அவள் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாள், அதற்கு மறுநாளும். முழுப்பரீட்சை வருவதற்குள் விரல் மடங்குகிற இடத்தில் பூச்சு வெடித்து அடியிலிருந்த கருப்பு தெரிய ஆரம்பித்தது. இந்தமுறை சீட்டு எழுதி வாங்கினேன். இரண்டையும் கொண்டுபோய் செக்‌ஷன் மேஜைமேல், ஆள் நடக்கிற இடத்தில் வைத்தேன். நான் பயந்த மாதிரியே நாலு பேர் கூடினார்கள், பயந்த கேள்வியையே கேட்டார்கள். "எங்க அக்காவுது" என்றேன். என் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. தோலை அச்சில் ஏற்றிச் சோல் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவு மேஸ்திரி இடது பூட்ஸை எடுத்து அடியைத் தட்டிப் பார்த்து, "இவ்ளோ வெயிட் எதுக்கு? லைட்டான சோல் போட்டா அவங்களுக்கு நடக்க சுலபமா இருக்குமே" என்றார். சொன்னதோடு நிற்காமல், அடுத்த முறை டாக்டரிடம் கேட்கச் சொல்லி அந்த சோலின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். ஒருவரும் வேறெதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் யாருக்குப் பயந்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை.

அக்கா இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, அதுவும் தோல் ஊர்தான். இடுப்பு நன்றாக இருக்கிறது. இப்போது போடுவது மூன்றாவது ஜோடி. பட்டறையில் இப்போது வேறு நிறமும் உண்டு என்கிறார்கள், அக்காதான் கருப்பிலேயே செய்யச் சொல்கிறாள். வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன்னால் பூட்ஸை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் இப்போது ஃபினிஷிங்குக்கே மேனேஜர். எத்தனையோ பையன்களை ஷேடு தவறியதற்காகத் திட்டியிருக்கிறேன். என் வீட்டு மொட்டைமாடியில் சின்ன கன் ஒன்றை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருநாள் வேண்டுமென்றே தவறாக அடிக்கிறேன். சுலபமென்று நினைக்காதீர்கள். பழகிய கை தானாகவே சரியான ஷேடுக்குப் போய் நிற்கும். அதைப் பிடித்து இழுத்து அரை ஷேடு தள்ளி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

போன வாரம் வந்திருந்தாள். அடித்து, காயவைத்து, காலையில் இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். வெயிலில் நின்று, கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து, க்யூ.சி.க்காரர்கள் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கும் கண் வந்துவிட்டது.

"ரிஜெக்ட்" என்றாள்.

"ஏன்க்கா?"

"ரொம்ப ஜாஸ்தியா மாறுது. பாத்ததும் பொண்ணுங்கல்லாம் ஒத்துக்கும். கொஞ்சமாவது சண்ட போட வேணாமா?"

இடது பூட்ஸை மட்டும் என்னிடம் நீட்டினாள். வலதையும் கொடு, சேர்த்தே அடிக்கிறேன் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.